கத்தாழை வேலிக்கு அந்தப் பக்கம்

என் கடையில போண்டா தின்னுட்டுத்தான் அந்த சர்வே பசங்க எங்க கல்லறைத் தோட்டத்தைக் காலி இடம்னு எழுதிக்கிட்டுப் போனானுங்க. அத நெனச்சா இன்னிக்கும் எனக்கு வயிறு எரியுது. கூட ரெண்டு போண்டா சும்மா குடுத்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும்.

என் பேரு லூர்து மேரி. தருமபுரியிலேர்ந்து காரிமங்கலம் போற வழியில, பெங்களூர் ரோட்டு மேலயே எங்க ஊரு, சூசையப்பர்பட்டி. ரோட்டுக்கு இந்தப் பக்கம் என் இட்லிக் கடை. அந்தப் பக்கம் ஒரு வரிசை புளியமரம். அதுக்குப் பின்னால கத்தாழை வேலி, வேலிக்கு உள்ள எங்க கல்லறை. ரோடு மேட்டுல இருக்கறதால கடையில நின்னு பாத்தா எல்லாமே தெரியும்.

எண்பத்தஞ்சுல ஒரு ஐப்பசி மாசம் அவனுங்க வந்தானுங்க. டவுனு ரோட்டைப் புடிச்சுக்கிட்டே வளருது, பழைய பிளானு பத்தாது, புதுசா போடறாங்க, எந்த நெலத்துல என்ன இருக்குதுன்னு எழுதறோம்னு சொன்னானுங்க. எழுதட்டும்னு வுட்டுட்டோம். ஆனா அவனுங்க வந்த நேரம் இருக்குதே, அதுதான் கெரகம். எங்க ஊர்ல கல்லறைத் திருநாளுக்கு முன்னால எல்லா மரச் சிலுவையும் புடுங்கிட்டு வந்து கோயில் சுவத்தோரம் சாய்ச்சி வெப்பாங்க. கரையான் அரிச்சத மாத்தி, கறுப்பு பெயிண்டு அடிச்சு, காய வெச்சு, திருநாளுக்கு முந்தின நாளு கொண்டு போய் நடுவாங்க. கல்லு கட்டற வசதி ஒருத்தருக்கும் கெடையாது. மண்ணு மேடுதான், மழையில கரைஞ்சு போயிரும். இது பத்தாதுன்னு கோயில் பெரியவரு பிலவேந்திரன், ஆபீசருங்க வர்றாங்க, மேடும் பள்ளமுமா இருந்தா ஊருக்கு அசிங்கம்னு சொல்லி, ஆள வெச்சுப் புல்லச் செதுக்கி மண்ண நெரவியே வெச்சிட்டாரு. அவனுங்க கண்ணுக்கு அது பந்து வெளையாடற மைதானம் மாதிரி இருந்திருக்கும். பழைய ரெக்கார்டுலயும் அது தரிசுதான். எந்தக் காலத்துலயோ ஒரு குடியானவரு வாய் வார்த்தையா கோயிலுக்குக் குடுத்த நெலம்.

ஊருக்கெல்லாம் அந்தக் கல்லறை போச்சேன்னுதான் கவலை. எனக்கு வேற கவலை. அத யாருகிட்டயும் சொல்ல முடியாது.

ஞானஸ்நானம் வாங்காம செத்த புள்ளைங்கள எங்க ஊர்ல வேலிக்கு உள்ள பொதைக்க மாட்டாங்க. அது மந்திரிச்ச மண்ணு. கத்தாழைக்கும் புளியமரத்துக்கும் நடுவுல ஒரு வண்டி போற அகலத்துக்கு நெலம் கெடக்குது, அங்கதான் பொதைப்பாங்க. மணி அடிக்க மாட்டாங்க. சிலுவை கெடையாது, மேடு வெக்கறது கெடையாது. மூடிட்டுக் கைகால் கழுவிட்டு வந்துருவாங்க. அப்பறம் அந்தப் பேச்சே இருக்காது. புது சாமியாருங்க அப்பிடியெல்லாம் பாக்கறதில்லன்னு சொல்றாங்க. ஆனா எங்க ஊர்ல பாத்தாங்க.

என் மொதப் புள்ள அங்கதான் இருக்குது. பொட்டப் புள்ள. வெளிய வரும்போதே மூச்சு இல்ல. என் வூட்டுக்காரரு கஸ்பாரு அத ஒரு துண்டுல சுத்தி எடுத்துட்டுப் போனாரு. நான் மூஞ்சியக் கூட செரியா பாக்கல. செவுத்துப் பக்கம் திரும்பி அழுதுக்கிட்டு கெடந்தேன். எங்க மாமியா ராயம்மாள் வந்து நின்னுக்கிட்டு, "தண்ணி ஊத்தாத புள்ளைக்கு அழுவக் கூடாது. எழுந்து கஞ்சி குடி"ன்னுச்சு. அன்னிக்கு எனக்கும் அதுக்கும் நடுவுல வுழுந்த வெட்டு அப்பிடியே நின்னுபோச்சு. அப்பறம் ரெண்டு பையனுங்க பொறந்து பள்ளிக்கூடம் போயிட்டானுங்க. ஒரே வூட்டுல இருந்தோம், ஒரே சட்டியில தின்னோம். ஆனா அந்த ஒரு வார்த்தைய நான் அதுக்கு மன்னிக்கவே இல்ல.

லாரிக்காரங்களுக்காகத்தான் லூர்து அங்க போய் கடை போட்டான்னு ஊர்ல எல்லாரும் நெனச்சுக்கிட்டிருந்தாங்க. பஸ்ஸு நிக்கற எடத்துல போட்டிருந்தா டபுள் யாவாரம் ஆயிருக்கும், அது கூடத் தெரியாத மடச்சியா நானு? காத்தால அடுப்ப மூட்டிட்டு நிமிந்தா அந்த எடம் தெரியும். ரெண்டாவது புளியமரத்துக்கு நேரா. எனக்கு அது போதும்.

பிளானு விஷயத்த மொதல்ல கொண்டாந்தது நூர் பாஷா தம்பி. பஸ் ஸ்டாப்புகிட்ட பஞ்சர் கடை வெச்சிருக்கற புள்ள. அடுத்த வருஷம் வெயில் காலத்துல ஒரு நாளு டீ குடிக்க வந்தவன், "அக்கா, முனிசிபாலிட்டியில பெரிய மேப்பு மாட்டியிருக்காங்க. உங்க கல்லறை முச்சூடும் லாரி ஸ்டாண்டுன்னு போட்டிருக்குது. பாத்துட்டு அப்பிடியே ஓடியாறேன்"னான். 

பிலவேந்திரனக் கூட்டிக்கிட்டு நாங்க போனோம். சத்தியமா சொல்றேன், சண்டை போடத்தான் போனேன், அந்த மேப்பைப் பாத்ததும் வாயடச்சுப் போச்சு. ஒரு செவுரு முழுக்க இருந்துச்சு. பெங்களூர் ரோடு மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒரு தடித்த கோடு. குடியிருக்கற எடமெல்லாம் மஞ்சள், கடைங்களுக்கு நீலம், கம்பெனிங்களுக்கு ஊதா, வெவசாயத்துக்குப் பச்சை. ஏரி எங்க, மலைக் கரடு எங்க, எல்லாம் இருக்குது. இப்ப இருக்கறது மட்டுமில்ல, இன்னும் பொறக்காத தெருவுங்க, இன்னும் யாரும் கட்டாத வூடுங்க, எல்லாத்துக்கும் கலரு குடுத்து வெச்சிருந்தாங்க. மனுசன் ஒக்காந்து இப்பிடிக் கூட யோசிப்பானான்னு எனக்கு மலைப்பா இருந்துச்சு. எங்க ஊரைத் தேடினேன். ரோட்டோரமா, வெரல் நகத்து அளவுல சாம்பல் கலர்ல ஒரு கட்டம். அந்தக் கட்டத்துக்குள்ள எங்க தாத்தன் பூட்டன் எல்லாரும் இருந்தாங்க. கட்டத்தோட ஓரம் ரோட்டுக் கோட்டுல முட்டிக்கிட்டு நின்னுச்சு. அந்த ஓரத்துல என் புள்ள இருந்துச்சு.

யாருக்காச்சும் ஆட்சேபணை இருந்தா எழுதிக் குடுக்கலாம்னு கீழ போட்டிருந்துச்சு. பிலவேந்திரன் அங்கயே ஒக்காந்து எழுத ஆரம்பிச்சாரு. நான் மெதுவா, "வேலிக்கு வெளிய இருக்கறதையும் சேத்து எழுதுங்க மாமா"ன்னேன்.

"அது எதுக்கு?"ன்னாரு. "அது சும்மா கெடக்கற எடம். பேராசைப்பட்டா இருக்கறதும் போயிரும்."

வாடகை வண்டி டிரைவருங்கள நிக்க வெச்சுக் கேள்வி கேக்கறவ நானு. பாக்கி வெச்சிட்டுப் போன லாரிய அடுத்த டிரிப்புல மறிச்சு வசூல் பண்றவ. அன்னிக்கு எனக்கு வாய் வரல. என்னன்னு சொல்றது? இல்லாத புள்ளைக்கு எடம் வேணும்னா?

ஐப்பசி வந்துச்சு. எங்களுக்குப் புத்தி வராது, அந்த வருஷமும் சிலுவைய எல்லாம் புடுங்கி, புல்லச் செதுக்கி வெச்சிட்டோம். பிளானு ஆபீசரு திருநாளுக்கப்பறம் நேர்ல பாக்க வருவாருன்னு தகவல் வந்திருந்துச்சு, அந்த தைரியம். அந்த மனுசன் கிருஷ்ணகிரியில வேற வேலையா போறவரு, போற வழியில பாத்துட்டுப் போயிரலாம்னு முன்னாடியே வந்து ஜீப்ப என் கடை முன்னால நிறுத்தினாரு. ஒல்லியான ஆளு, சேலத்துலேர்ந்து வந்தவரு. கையில சுருட்டின மேப்பு. ரோட்டு மேட்டுல நின்னு அந்தப் பக்கம் பாத்தாரு. நெரவி வெச்ச மண்ணு, செதுக்கின புல்லு. ஒரு ஆடு மேஞ்சுக்கிட்டிருந்துச்சு.

"கல்லறைன்னு எழுதியிருக்கீங்க. எங்க இருக்குது கல்லறை?"ன்னாரு.

பிலவேந்திரன் ஓடியாந்தாரு. சிலுவை பெயிண்டு அடிச்சிருக்குதுங்க, ஈரம் காயலீங்கன்னு கெஞ்சறாரு. ஆபீசரு நல்ல மனுசன்தான், கோவப்படல. "நான் கண்ணால பாக்கறதத்தான் எழுத முடியும் பெரியவரே. இன்னிக்கு வுட்டா நான் திரும்ப வர முடியாது"ன்னாரு.

நான் பிலவேந்திரனப் பத்தி எவ்வளவோ பேசியிருக்கேன், ஆனா அன்னிக்கு அவரு பண்ணத நெனச்சா கையெடுத்துக் கும்புடணும். கோயிலுக்குப் போயி மணியடிச்சாரு. நேரங்கெட்ட நேரத்துல மணி கேட்டு, யாரோ போயிட்டாங்கன்னு வயக்காட்டுலேர்ந்தும் வூட்டுலேர்ந்தும் சனம் ஓடியாந்துச்சு. அவரு ஒரே வார்த்ததான் சொன்னாரு. "எல்லாரும் கல்லறைக்குப் போங்க. அவங்கவங்க ஆளுங்க தலமாட்டுல போய் நில்லுங்க."

போனாங்க. நானும் கஸ்பாரும் போய் மாமனாரு தலமாட்டுல நின்னோம். மாமியா கால்மாட்டுல நின்னுச்சு. நின்னு நிமிந்து பாத்தேன். ஒரு கல்லு இல்ல, ஒரு குச்சி இல்ல, ஒருத்தரும் தேடல. நேரா நடந்து போயி, நின்னாங்க. வரிசை வரிசையா ஆயிருச்சு. நடுவுல பொணம் தூக்கிட்டு வர்ற பாதை மட்டும் ஆளில்லாம நீளமா தெரிஞ்சுது. மம்முட்டியோட வந்தவங்க மம்முட்டியோட நின்னாங்க. ஒரு பொண்ணு கைப்புள்ளைய இடுப்புல வெச்சுக்கிட்டு அது பாக்காத தாத்தனுக்காக நின்னுச்சு. நடுவுல நடுவுல காலி எடம். பெங்களூருக்குப் பொழைக்கப் போனவங்க வூட்டு ஆளுங்க அது. அதுக்கும் பக்கத்துல இருந்தவங்க தள்ளி வந்து, "இது ஸ்தனிஸ்லாஸ் அப்பன், நான் நின்னுக்கறேன்", "இது மேட்டு வூட்டு ஆயா, நான் நிக்கறேன்"னு சொல்லிச் சொல்லி நின்னாங்க. கடைசியில ஒரு எடம் பாக்கியில்ல. எங்க ஊரு எவ்வளவு பெருசுன்னு அன்னிக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது.

ரோட்டுல போன லாரி ஒண்ணு ஸ்லோ பண்ணி நின்னுச்சு. ஆபீசரு மேப்பை விரிச்சவரு விரிச்சபடியே இருந்தாரு. அப்பறம் மேட்டுலேர்ந்து எறங்கி வந்து, பென்சிலால அந்த சாம்பல் கட்டத்த அடிச்சாரு. "மாத்திடறேன். இது கல்லறைதான்"னாரு. சனங்க மூச்சு வுட்டது எனக்குக் கேட்டுச்சு.

அதோட போயிருக்கலாம். அவரு வேலிக்கு வெளிய கையக் காட்டினாரு. "ரோட்ட அகலம் பண்ண வேண்டியிருக்குது. அந்த ஓரத்துல ஒருத்தரும் நிக்கலையே, அத மட்டும் எடுத்துக்கறேன்."

"தாராளமா எடுத்துக்கோங்க. அது எங்களுது இல்லீங்க"ன்னாரு பிலவேந்திரன்.

நான் கஸ்பாரப் பாத்தேன். அவரு தரையப் பாத்துக்கிட்டிருந்தாரு. மண்ணு வெட்டற மிஷினு வந்து அந்த எடத்துல எறங்கறது என் கண்ணு முன்னால வந்துச்சு. அதுக்கு மேல நான் ஒண்ணும் யோசிக்கல. வேலியில ஆடு பூந்து போற சந்து ஒண்ணு இருந்துச்சு, அதுக்குள்ள பூந்தேன். கத்தாழை முள்ளு சீலையக் கிழிச்சுது, கையக் கிழிச்சுது. அந்தப் பக்கம் போயி ரெண்டாவது புளியமரத்துக்கு நேரா நின்னுக்கிட்டேன்.

"இங்கயும் ஆளு இருக்குதுங்க"ன்னேன்.

"லூர்து, கூடி வந்த காரியத்தக் கெடுக்காத"ன்னு பிலவேந்திரன் சத்தம் போட்டாரு.

"நான் ஒண்ணும் கெடுக்கல. உங்க அப்பனுக்கு நீங்க நின்னீங்க, நான் ஏதாச்சும் கேட்டனா? என் புள்ள இங்க இருக்குது, நான் இங்க நிக்கறேன்."

என் புள்ளன்னு வாய்விட்டு சொன்னது அதான் மொதத் தடவ. ஊரே பாத்துக்கிட்டிருந்துச்சு. அப்ப கஸ்பாரு அந்த சந்துல குனிஞ்சு வந்தாரு. திட்டப்போறாருன்னு நெனச்சேன். வந்து என் தோளப் புடிச்சு, கொஞ்சம் வடக்கால நவுத்தி நிக்க வெச்சாரு. "இங்க"ன்னாரு. இத்தன வருஷமா நான் பாத்துக்கிட்டிருந்தது பக்கத்து மண்ண. அவருக்கு மட்டும் செரியா தெரிஞ்சிருக்குது.

ஆபீசரு வேலிகிட்ட வந்தாரு. கொரல எறக்கித்தான் பேசினாரு. "ஒரு கொழந்ததானம்மா? எடுத்து உள்ள வெச்சுக்கலாமே. ஒண்ணுக்காக ரோட்ட நிறுத்த முடியுமா?"

எனக்கே அது ஞாயமான கேள்வியாத்தான் பட்டுச்சு. எடுக்கறதுக்கு அங்க என்ன மிச்சம் இருக்கும்னு நெனச்சதும் அழுவ வந்துருச்சு.

அப்ப கத்தாழை சரசரன்னு சத்தம் கேட்டுச்சு. தெரசா. போன வருஷந்தான் கல்யாணம் ஆயி வந்த பொண்ணு, எங்கிட்ட ஒரு வார்த்த பேசினதில்ல. வந்து எனக்குக் கொஞ்சம் தள்ளி நின்னு முந்தானைய வாயில வெச்சுக்கிட்டா. அவ பின்னாலயே இசபெல்லா வந்தா. கடை பாக்கிக்காக நானும் அவளும் ஊரு கூடறாப்பல சண்டை போட்டிருக்கோம். அவ ஒரு எடத்துல நின்னா, அப்பறம் இன்னொரு எடத்தையும் காமிச்சு, "இதுவும் என்னுதுதான், நான் எதுலன்னு நிக்கட்டும்"னா. தெரசா நவுந்து வந்து அந்த எடத்துல நின்னா, அவ எடத்துல அவ புருசன் வந்து நின்னான். அதுக்கப்பறம் வரிசையா வந்தாங்க. பல்லு போனவங்க வந்தாங்க, பேரன் பேத்தி எடுத்தவங்க வந்தாங்க. பிலவேந்திரன் பொண்டாட்டி அவரத் தாண்டித்தான் வந்துச்சு, அவரப் பாக்கவே இல்ல. வேலி சந்து பத்தாம, ஒரு பையன் அருவாளால கத்தாழைய வெட்டி வழி பண்ணிக் குடுத்தான். அந்தப் பட்டை நெலம் ரெண்டாவது புளியமரத்துலேர்ந்து மைல் கல்லு வரைக்கும் பொம்பளைங்களால நெறஞ்சு போச்சு. நான் ஒருத்திதான்னு நெனச்சுக்கிட்டு அத்தன வருஷம் அடுப்புகிட்ட நின்னு பாத்தேனே, எத்தன பேரு தண்ணிக் கொடத்தோட, வெறகுக் கட்டோட, அந்த வழியா போகும்போது கண்ண அந்தப் பக்கம் வெச்சுக்கிட்டுப் போயிருக்காங்க. ஒருத்தருக்கும் ஒருத்தரத் தெரியல. எனக்கு பயமாவும் இருந்துச்சு, கும்புடணும் போலயும் இருந்துச்சு.

கடைசியா எங்க மாமியா வந்துச்சு. மெதுவா கத்தாழைத் தண்டைப் புடிச்சுப் புடிச்சு வந்துச்சு. எனக்குப் பக்கத்துல நிக்க வருதுன்னு நெனச்சேன். என்னத் தாண்டிப் போயி, மொதப் புளியமரத்து வேருகிட்ட நின்னுச்சு. கஸ்பாரு, "ஆத்தா, நீ எதுக்கு"ன்னாரு.

"உனக்கு மூத்தவன்"னு சொல்லுச்சு.

கஸ்பாருக்குத் தெரியாது. அவரு அப்பன் அத சொல்லாமலே செத்துட்டாரு. கஸ்பாரு அங்கயே குந்திட்டாரு.

ஆபீசரு ஷூவக் கழட்டினத நான் பாத்தேன். கழட்டிக் கையில வெச்சுக்கிட்டு, அந்த நெலத்துல கால் வெக்காம, சுத்திக்கிட்டு ரோட்டுக்கு ஏறினாரு. மேப்பை ஜீப்பு மேல விரிச்சு ரொம்ப நேரம் குனிஞ்சு நின்னாரு. அப்பறம் என்னக் கூப்புட்டாரு.

"இந்தப் பக்கம் தொடல. ஆனா ரோடு அகலம் ஆயித்தான் ஆகணும், அது என் கையில இல்ல. இத வுட்டா எதுத்தாப்பல எடுக்கணும். அங்க ஒரு கடை இருக்குதே, யாருது?"

"என்னுதுதாங்க."

அவரு என்னப் பாத்தாரு. பென்சில் மேப்பு மேலயே நின்னுக்கிட்டிருந்துச்சு.

"எடுத்துக்கோங்க"ன்னேன். "எனக்கு இனிமே அங்க நின்னு பாக்கற வேல இல்ல."

அவரு கோடு போட்டாரு. ஜீப்பு கெளம்பிப் போச்சு. ஆம்பளைங்க ஒவ்வொருத்தரா மம்முட்டியத் தூக்கிக்கிட்டு வயக்காட்டுக்குப் போனாங்க. பொம்பளைங்க மட்டும் போகல. வேல கெடக்குது, அடுப்புல சோறு கெடக்குது, ஒருத்திக்கும் கால் நகரல. மாமியா புளியமரத்து வேரு மேல ஒக்காந்திருந்துச்சு. நான் போய்க் கிட்டக்க ஒக்காந்தேன். வந்த நாளுலேர்ந்து அது பக்கத்துல நானா போய் ஒக்காந்ததில்ல. கிழிஞ்ச என் கையப் புடிச்சுத் திருப்பிப் பாத்துச்சு, முந்தானையால ரத்தத்தத் தொடச்சுது.

"உன் புள்ளைக்கு என்ன பேரு வெக்கணும்னு இருந்த?"ன்னு கேட்டுச்சு.

"செசிலி"ன்னேன்.

"செசிலி"ன்னு அதுவும் சொல்லிப் பாத்துச்சு. இன்னொரு தடவையும் சொல்லுச்சு.

"உன்னுதுக்கு, அத்த?"

ஒரு லாரி போச்சு, இன்னொண்ணு போச்சு. மாமியா தரையவே பாத்துக்கிட்டிருந்துச்சு.

"அத நெனைக்கவே எங்கள வுடலியே லூர்து"ன்னுச்சு. "நீயே ஒண்ணு வெய்யி."